சேவலுக்கு ஏழு மணி வரை இருட்டு

அப்பாவின் கால் முறிவு நல்லபடியாகச் சேர்ந்தால் ஒரு சேவலைக் கழுகுமலை முருகனுக்கு உயிரோடு விடுவதாக அம்மா நேர்ந்திருந்தாள். கால் சேர்ந்துவிட்டது, சேவலும் வளர்ந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் விட வேண்டிய பங்குனி உத்திரத்துக்குத்தான் இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. நேர்ந்த சேவலை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, இன்னொரு வீட்டில் கொண்டுபோய் அடைக்கவும் கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அது.

பக்கத்து வீட்டு மாமாவுக்கு மணியாச்சி ஜங்ஷனில் மதிய டூட்டி. அவர் வந்து படுக்கவே பாதி ராத்திரி ஆகிவிடும். எங்கள் சேவல் மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடும். ஒருநாள் கண் சிவக்க வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"அண்ணாச்சி, தண்டவாளத்துல நிக்குத வேலை. கண்ணு சொக்குச்சுன்னா நான் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வழி பண்ணுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சேவலைப் பார்த்தாள். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் கை அரிக்க உட்கார்ந்திருந்த நான் முந்திக்கொண்டு, என் பொறுப்பு மாமா என்றேன்.

காரணம் அன்று சாயங்காலமே பிடிபட்டது. தெருவில் புதிதாக மாட்டிய எல்இடி விளக்கின் வெளிச்சம், சேவலும் ஐந்து கோழிகளும் அடையும் கூட்டின் கம்பிக்கதவில் நேராக விழுந்தது. விடிந்துவிட்டது என்று சேவல் நினைப்பதில் தப்பே இல்லை. கூட்டைச் சுற்றித் தார்ப்பாயைக் கட்டி, சந்துபொந்தில் எல்லாம் உரச்சாக்கைத் திணித்தேன். கோழிக்குக் காற்று வேண்டாமா என்று அம்மா கேட்டதற்கு, ஒரு ராத்திரிதானே என்றேன்.

அன்று ஒரு கூவல்கூட இல்லை. காலையில் பெருமையோடு கதவைத் திறந்தேன். எச்சத்தின் காரநெடி கண்ணில் ஏறியது. ஐந்து கோழியும் சிறகை விரித்து, வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. சேவல் மூலையில் தலை தொங்கி நின்றது.

"ஏட்டி, நான் முருகனுக்கு நேந்தேனா, எமனுக்கு நேந்தேனா?"

நிழலில் விட்டுத் தண்ணீர் காட்டியதும் எல்லாம் தேறிவிட்டன.

மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி யோசித்தேன். காற்று வளைந்து போகும், வெளிச்சம் வளையாது. பள்ளிக்கூடத்திலேயே படித்த பாடம். பாதிச் சோற்றில் எழுந்து கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். முழங்கைபோல வளைந்த பிவிசி எல்போ குழாய் எட்டு கேட்டதும் பாத்ரூமுக்கா என்றார் கடைக்காரர். கோழிக்கு என்றேன். எட்டையும் எண்ணி எடுத்துக் கொடுத்தார்.

இரண்டிரண்டாகச் சேர்த்து, உள்பக்கம் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். சாக்கையெல்லாம் பிடுங்கிவிட்டு, குளிர்ந்த காற்று நுழையத் தரையோரம் இரண்டு, சூடு வெளியேறக் கூரைக்கடியில் இரண்டு பொருத்தினேன். கம்பிக்கதவுக்குப் பலகை அடித்தேன். பிறகு ஊதுபத்தியோடு நானே உள்ளே நுழைந்து கதவைச் சாத்தச் சொன்னேன். பத்தியின் கங்கு தவிர வேறு வெளிச்சமே இல்லை. மேல் குழாய் வழியாகப் புகை வெளியே போனதை அப்பாதான் முதலில் பார்த்தார்.

"உசுரோட இருக்கியாட்டி?"

இருந்தேன். முழங்காலெல்லாம் எச்சம்.

வியாழக்கிழமை விடியுமுன் சேவல் இரண்டு தடவை கூவியது. பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கிய சத்தம். அதற்கு உள்ளுக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. அதை நான் நிறுத்த முடியாது. ஆனால் அதோடு அடங்கிவிட்டது. ஏழு மணிக்குத் திறந்தபோது எல்லாம் தெம்பாகக் குதித்து வந்தன.

வெள்ளிக்கிழமை காலை மாமா வந்தார். முகம் தெளிந்திருந்தது, ஆனால் ஏதோ தப்பு செய்துவிட்டவர்போல நின்றார்.

"நேந்த சேவலையா வித்துட்டிய? நான் அப்படிச் சொல்லலியே அண்ணாச்சி."

கூட்டைத் திறந்தேன். சேவல் வெளியே வந்து, சிறகைத் தட்டி, அவர் முகத்துக்கு நேராகக் கூவியது. மாமா குனிந்து குழாயைத் தடவிப் பார்த்தார். ஒன்றுக்குள் விரலைவிட்டு வளைவைத் தேடினார்.

"திங்கக்கிழமையிலிருந்து எனக்குக் காலை டூட்டி. நாலு மணிக்கு எந்திக்கணும்" என்றார். "அந்த ஒரு வாரம் மட்டும் பலகையைக் கழட்டி வையிட்டி."