பிரிக்காத கடைசிச் சுருள்

நாகேஸ்வரன் சார் பூதலூர் ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வலங்கைமான் வீட்டில் தனியாக இருக்கிறார். ஆறு வருடமாக நான்தான் அங்கே சமைக்கிறேன். அவருக்கு ஊமைப்படப் பைத்தியம். அந்தக் காலத்து பிலிம் சுருள்களைத் தேடி ஊர் ஊராக அலைவார்.

"அழுவுற படமாவே வாங்குறீங்களே சார்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"பேசுற படத்துல ஏன் அழுவுறேன்னு அவளே சொல்லிடுவா தாமரை. இதுல நாமதான் கண்டுபிடிக்கணும். அதோட, உலகத்துலயே இது ஒண்ணுதான் மிச்சம்னா விட மனசு வருமா?"

அப்படி ஒன்று நன்னிலத்தில், பழைய சினிமாக் கொட்டகைக்காரர் வீட்டுப் பரணில் கிடைத்தது. ஒரு படத்தின் கடைசிச் சுருள். முந்தைய சுருள்கள் சென்னையில் பழைய பிலிம்களைச் சீர்செய்யும் பரிதி என்பவரிடம் இருந்தன. அந்தப் படத்தில், புருஷன் துரத்திய பெண் கைக்குழந்தையோடு மழையில் நிற்கிறாள். மாமியார் உள்ளே தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள். பரிதியிடம் இருக்கும் படம் அங்கே நின்றுவிடுகிறது. கதவு திறந்ததா என்பது சாரிடமிருந்த சுருளில்தான். ஒடிந்துவிடும் என்று அவர் அதைப் பிரித்ததே இல்லை. அதற்கான கருவியோடு வருகிறேன் என்று பரிதி தேதி சொல்லியிருந்தார்.

ஐப்பசி மழையில் வீடு ஒழுகி, சுருள் இருந்த டப்பாவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. சார் கும்பகோணம் போயிருந்தார். காலையில் பளிச்சென்று வெயில் அடித்தது. விதைநெல் நனைந்தால், வெயிலைக் கண்டதும் பரப்பிவிடுவோம். விட்டால் முளைத்துப் போகும். சுருளையும் அப்படியே பிரித்து, மாடியில் தார்ப்பாய் மேல் நீட்டி, பறக்காமல் கல் வைத்தேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைப்பு.

சார் வந்தபோது அது வற்றல் மாதிரி முறுகிக் கிடந்தது. தொட்ட இடமெல்லாம் படம் செதிலாக உதிர்ந்தது. திட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சொன்ன தேதியில் பரிதி வந்தார்.

"யாரு சார் இத வெயில்ல போட்டது?"

"நான்தான். வயசாச்சு, புத்தி மழுங்கிடுச்சு" என்றார் சார்.

"ஒரு போன் பண்ணக் கூடாதா? ஈரத்தோட தண்ணியிலயே போட்டு வச்சிருந்தா காப்பாத்தியிருப்பேனே!"

வைத்த காபியைத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

கார் போன பிறகு சார் என்னைக் கூப்பிட்டார்.

"நீதானே தாமரை பிரிச்சே. நீட்டுறப்ப கண்ணுல பட்டிருக்குமே. கதவு தொறந்துச்சா?"

முழு நீளமும் என் கை வழியாகத்தான் போயிற்று. எங்கே ஈரம் இருக்கிறது என்று மட்டும்தான் பார்த்தேன்.

"பாக்கல சார்."

"சரி, போ."

இப்போது மாசி. இதுவரை அவர் ஒரு சுருளையும் தேடிப் போகவில்லை.