இடுப்பை ஆட்டி நடந்த நாய்

நாய்களுக்கு வரும் இடுப்பு மூட்டு நோயைப் பற்றிய ஆய்வுக்காகத் திருவொற்றியூர்க் குப்பங்களில் கொஞ்ச காலம் அலைந்தேன். நான் கால்நடை மருத்துவன். லாப்ரடார் வளர்க்கும் வீடுகளுக்குப் போய், நாயை நடக்கவிட்டுப் பார்த்து, சந்தேகம் வந்தால் எக்ஸ்ரேவுக்கு அனுப்புவது என் வேலை.

விசைப்படகு ஓட்டும் ஒருவர் தன் ஆண் நாயைத் தெருவில் நடத்திக் காட்டினார். அது பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிப் போனது. ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவியது.

"இன்னா ஸ்டைலா கீது பாத்தியா சார்? இந்த நடைக்கே குப்பமே குட்டி கேக்குது" என்றார். எதிர்வீட்டுக்காரரும் ஒரு குட்டி சொல்லிவைத்திருந்தார். அப்பன் நடை குட்டிக்கு வருமா என்பதில்தான் அவருக்குச் சந்தேகமாம்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாக உட்காராததால் வரும் ஆட்டம் அது, வயதானால் எழுந்திருக்கவே சிரமப்படும், இதை மேட்டிங்குக்கு விடாதீர்கள் என்றேன்.

"அப்போ குட்டிங்களுக்கும் இது வருமா சார்?"

"வர நெறைய வாய்ப்பு இருக்கு. அதனாலதான் வேணாங்கிறேன்."

அவர் எதிர்வீட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நான் சொன்னா நம்பல இல்ல மாமு? டாக்டரே சொல்ட்டாரு, வருமாம்."