மழைக்குடுவையில் ஒரு சிறங்கை நீர்

ஐயா, அம்மணி,

இதைக் கையில் எடுத்திருக்கும் தாங்கள் யாராயினும் என் வணக்கத்தை ஏற்க வேண்டும். பள்ளிக்கூடத்தை நான் வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவன். அடிவாரத்து ஊரில் மிளகு வாங்கும் ராவுத்தரின் கடையில், என் மூட்டை எடைக்குப் போகும்வரை காத்திருந்த வேளைகளில், பொட்டலம் மடிக்க வைத்திருந்த பழைய செய்தித்தாள்களைக் கொண்டு எழுத்துக் கூட்டினேன். எண்களும் அப்படியே வந்தன. ஆகையால் என் நடையில் குற்றம் இருப்பின் அதைப் பொறுத்து, நான் கண்டதை மட்டும் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளையர் ஆட்சி நடந்த காலம் அது. எங்கள் கொல்லிமலைக்கு வண்டிப்பாதை கிடையாது. ஓர் ஆடி மாதத்தில், மதராஸில் இஞ்சினீயர் படிப்புப் படிக்கும் நான்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு அவர்களுடைய பேராசிரியர் வாழவந்தி நாட்டுக்கு நடந்தே ஏறி வந்தார். அவர்களுக்கு வழிகாட்டச் சென்றவன் நான். அப்போது எனக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓடைக்கரையில் சாமை விதைத்திருந்தேன்.

அந்த ஓடையருகே நின்று பேராசிரியர் என்னைக் கேட்டார்: "பங்குனியில கீழ ஆறெல்லாம் மணலாக் கெடக்குது. இது மட்டும் அப்பவும் ஓடுதாமே, எப்படி?"

"அது எப்பவும் ஓடுமுங்க," என்றேன். வேறென்ன சொல்வது?

மாணவர்கள் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. "அவரு சொன்னதுக்கு மேல எனக்கும் தெரியாது," என்றார் அவர்களிடம். "உங்க புத்தகத்துல கணக்குக்கு விடை கடைசிப் பக்கத்துல அச்சாகியிருக்கும். இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்திலயும் விடை கெடையாது. தேடி எடுக்கணும். அதுக்குப் பேருதான் ஆராய்ச்சி."

நான் திகைத்து நின்றேன். தாசில்தாரும் வன இலாகா அதிகாரியும் எங்கள் மலைக்கு வந்ததுண்டு. தமக்குத் தெரியாது என்று அவர்களில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனை படித்த மனிதர், தம்மிடம் படிக்கும் பிள்ளைகளின் முன்னிலையில், நாணமின்றி அதைச் சொன்னார். சொன்ன பிறகு அவர் சிறுத்துப் போகவில்லை. என் கண்ணுக்குப் பெரியவராகவே தோன்றினார்.

நான்கு மாணவர்களும் ஆளுக்கொரு கேள்வியை எடுத்துக்கொண்டனர். மூக்குக்கண்ணாடி அணிந்த, மெலிந்த ஒருவர் ஓடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் பொருட்டு எங்கள் சாமைக் காட்டின் மேட்டில் ஒரு கருவி நடப்பட்டது. செம்பினால் ஆன உருளை, மேலே புனல், உள்ளே ஒரு கண்ணாடிக் குடுவை. தனியாக, கோடுகள் கீறிய அளவுக் கண்ணாடி ஒன்றும் கொடுத்தார். தினமும் காலையில் குடுவையில் உள்ள நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, எத்தனையாவது கோடு என்று நோட்டில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை அந்தத் தாளை ராவுத்தரிடம் சேர்த்தால் அவர் தபாலில் அனுப்புவார்.

"கூட்டாம கொறைக்காம, உள்ளதை உள்ளபடி எழுதணும். அவ்வளவுதான்," என்றார் மாணவர்.

இதன் மீது அவர் தம் வாழ்வையே வைத்திருந்தார் என்பதை மலையிறங்கும் வழியில் சொன்னார். அவர் தந்தைக்கு, மகன் படிப்பு முடிந்ததும் மராமத்து இலாகாவில் வேலையில் அமர வேண்டும். அவருக்கோ ஆராய்ச்சி செய்ய ஆசை. பெரிய விஞ்ஞானக் கழகம் ஒன்றில் ஓர் இடம் இருந்தது. இந்த ஆராய்ச்சி சரியாக அமைந்தால், அந்த இடத்துக்குப் பேராசிரியர் அவர் பெயரை எழுதுவார். அமையாவிட்டால் மராமத்து இலாகாதான்.

என் மனைவி அந்தக் கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஏனுங்க, மழையை அளந்து என்ன பண்ணப் போறாங்களாம்? மூட்டை கட்டிச் சந்தைக்கு ஏத்தவா?"

"தெரிஞ்சுக்கறதுக்காம்."

"தெரிஞ்சுக்கிட்டு?"

ஆயினும் ஒரு நாள் தவறாமல் அளந்தேன். மழை என்பது எங்களுக்குப் பயிர், பட்டினி, வழுக்குப் பாதை. அதற்கு ஓர் எண் உண்டு என்பதும், வானத்திலிருந்து விழுந்ததை ஒரு கோட்டில் நிறுத்திப் பார்க்கலாம் என்பதும் என்னை ஒவ்வொரு காலையும் சிலிர்க்கச் செய்தன. அளவுக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன்.

மாசி மாதத்தில் அவர்கள் மீண்டும் வந்தனர். மூக்குக்கண்ணாடி மாணவர் ஓடோடி வந்து என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அன்று மாலை எங்கள் பலாமரத்தடியில், பேராசிரியர் முன்னிலையில் அவர் தம் கட்டுரையை வாசித்தார். தமிழில் விளக்கிச் சொன்னதை நானும் கேட்டேன். இந்த மலையில் மழையற்ற நாளே இல்லை. தை மாதத்தில் கூட ஒவ்வொரு காலையும் குடுவையில் ஏறக்குறைய ஒரே அளவு நீர் சேர்ந்திருக்கிறது. பனிமூட்டம்தான் இரவில் நீராய் இறங்குகிறது. ஓடை வற்றாததற்கு அதுவே காரணம். அவர் முகம் விளக்கேற்றியது போல் இருந்தது.

"தெனமும் அதே அளவா?" என்று கேலி செய்தார் உடன் வந்த பருத்த மாணவர். "கொல்லிமலைக்கு மட்டும் வருணபகவான் ரேஷன் கடை வெச்சிருக்கான் போல!"

எல்லோரும் சிரித்தனர். பேராசிரியர் மட்டும் தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். "உண்மையா இருந்தா ரொம்பப் பெரிய விஷயம்," என்றார். "காலையில எல்லாரும் போய்ப் பாக்கலாம்."

மாணவருக்குப் பொறுக்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாக என்னை எழுப்பி, மற்றவர்களுக்கு முன்னதாகவே மேட்டுக்கு அழைத்துச் சென்றார். வானம் துடைத்து வைத்தது போலிருந்தது. ஆயினும் குடுவையில் நீர் இருந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நான் வழக்கம்போல் அளந்தேன்; எழுதினேன்; நீரைச் செடிக்கு ஊற்றினேன். பிறகு ஓடையில் இறங்கி, ஒரு கையைக் குவித்து ஒரு சிறங்கை நீர் மொண்டு, குடுவையில் விட்டு, உருளைக்குள் வைத்து மூடினேன்.

"என்ன பண்றீங்க?" அவர் குரல் மாறியிருந்தது.

"வெறுமனே வெக்கக் கூடாதுங்களே, சாமி."

எங்கள் வழக்கம் அது. குதிரில் தானியம் அள்ளினாலும் ஒரு பிடியை விட்டுத்தான் மூடுவோம். ஒருவர் வீட்டிலிருந்து குழம்போடு ஏனம் வந்தால் வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டோம். வானம் நிரப்ப வேண்டிய ஏனத்தை வறண்ட வாயோடு அதற்கு நீட்டி வைப்பது எனக்கு ஒப்பவில்லை. மழை குறைந்துபோகும் என்றே அஞ்சினேன். உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். குடுவையில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன்.

"எத்தனை நாளா?"

"மொத நாள்ல இருந்தேங்க. ஒரு நாளும் உட்டதில்லீங்க."

அவர் பாறை மீது உட்கார்ந்துவிட்டார். கட்டுரைத் தாள்கள் மடியில் கிடந்தன. எனக்கு அப்போதுதான் மெல்ல விளங்கியது: அவர் கண்ட பனி நீர் என் கை நீர். பாதையில் மற்றவர்களின் பேச்சுக் குரல் கேட்கத் தொடங்கியிருந்தது.

"சாமி," என்றேன், "யாரும் பாக்கலீங்க. இனிமே ஊத்த மாட்டேனுங்க. நான் யாருகிட்டயும் வாய் தொறக்க மாட்டேன். நீங்க அந்த எடத்துக்குப் போங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆசை அவர் முகத்தில் இருந்தது. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. பின்னர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பேராசிரியர் மேட்டில் ஏறி வந்ததும் எழுந்து நின்றார்.

"அண்ணே, இப்பச் செஞ்சதை இன்னொரு தரம் செய்யுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

அளந்து, கொட்டி, ஓடையில் இறங்கி, ஒரு சிறங்கை மொண்டு ஊற்றினேன். பருத்த மாணவர், "ஆகா, வருணபகவான் இவர்தானா!" என்று சிரிக்கத் தொடங்கி, எவரும் உடன் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"தப்பு இவரோடது இல்லை, சார்," என்றார் மூக்குக்கண்ணாடி மாணவர். "எழுதச் சொன்னேன். எதுக்குன்னு சொல்லலை. எனக்கு வேண்டிய விடை கெடச்சதும் வேற எதையும் கேக்கவும் இல்லை."

பேராசிரியர் கோபிப்பார், அல்லது மன்னிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நிகழவில்லை. அவர் கண்களில் ஒரு வெளிச்சம் வந்தது. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இவரோட சிறங்கை எவ்வளவு?" என்று மாணவர்களைக் கேட்டார். "அளந்து பாருங்க."

அன்று முற்பகல் முழுவதும் நான் ஓடையில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன். ஒவ்வொரு சிறங்கையையும் அளவுக் கண்ணாடியில் பிடித்தனர்; ஒருவர் கோட்டைச் சொல்ல, மற்றவர் எழுதினார். கேலி செய்த மாணவரே மண்டியிட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேரே வைத்துப் பார்த்தார். என் சிறங்கை பெரிதும் மாறவில்லை. ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் குடுவையை எடுத்து வந்ததும் நீர் ஊற்றியதும் என் மனைவி என்று நான் சொன்னவுடன், அவளையும் வரவழைத்தனர்.

"என்ற கையை அளக்கறதுக்கா மதராஸ்ல இருந்து வந்தீங்க?" என்றாள் அவள். "நல்லா அளந்துக்குங்க. இவரு மொகத்துல ஒருக்கா விட்டா எத்தனை கோடுன்னும் சொல்லிருங்க." பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அவள் சிறங்கை என்னுடையதைவிடச் சிறியது. ஐப்பசித் தாளில் மழையில்லாதிருந்த அந்த நாட்களின் எண்ணும் அதே அளவு சிறுத்திருந்தது. அதைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எவரும் அறியாமல் ஒரு பெண் ஓடையில் இறங்கி ஊற்றிய நீர், எண்ணாக மதராஸ் வரை போய், அவள் கையின் அளவைச் சுமந்து திரும்பி வந்திருந்தது. காகிதம் பொய்யை மட்டுமல்ல, நாங்கள் சொல்ல மறந்த உண்மையையும் வைத்திருந்தது.

சிறங்கையைக் கழித்தபின் தை மாதத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. பனி நீர் என்ற கண்டுபிடிப்பு அங்கேயே முடிந்தது. பெருமழை நாட்களின் கணக்கு ஓரளவு பயன்படும் என்றும், சிறு மழைகளை நம்ப முடியாது என்றும் பேராசிரியர் சொன்னார். மூக்குக்கண்ணாடி மாணவர் மூன்று நாள் எங்கள் பலாமரத்தடியில் அமர்ந்து கட்டுரையை முதலிலிருந்து எழுதினார். சிறங்கை, காய்ச்சல், தாம் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் அதில் எழுதியதாகச் சொன்னார்.

"இதை அனுப்பறேன்," என்றார் பேராசிரியர். "என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

சித்திரையில் ராவுத்தர் கடைக்கு எனக்கொரு கடிதம் வந்தது. கழகத்தின் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை, வேறொருவருக்குப் போய்விட்டது. முழு ஓராண்டின் பிழையற்ற கணக்கோடு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தார்களாம். தந்தையிடம் ஓராண்டு தவணை கேட்டிருப்பதாகவும், 'தாங்கள் இன்னும் ஓராண்டு அளந்து தருவீர்களா?' என்றும் கேட்டிருந்தார். இம்முறை எதற்காக என்பதை இரண்டு பக்கம் விளக்கியிருந்தார்.

அளந்தேன். வெறுங்குடுவையை மூடிவிட்டு வருவது எனக்கு எளிதாக இல்லை. முதல் சில நாட்கள் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தேன். பிறகு என் மனைவிதான், கருவிக்குச் சற்றுத் தள்ளி ஒரு சட்டியில் நீர் நிரப்பி வைத்தாள். அந்த ஆண்டின் தாள்களில் பூஜ்யம் என்ற எண்ணை எழுதக் கற்றுக்கொண்டேன். முதன்முறை எழுதியபோது, இல்லாததைக் கூட உண்மையாக எழுத முடியும் என்பது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

மறு ஆண்டு அந்த இடம் அவருக்குக் கிடைத்தது. வெகுகாலம் கழித்து அச்சான அவருடைய நூல் ஒன்றை அனுப்பினார். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் படித்துச் சொன்னார்: கொல்லிமலையின் முதலாண்டுக் கணக்கு நீக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி அதில் இருக்கிறதாம். ஏன் நீக்கப்பட்டது என்பதற்கு அச்சில் இடமில்லை போலும். அந்த ஏனுக்காகத்தான் ஒருவர் தமக்குக் கிடைக்கவிருந்த இடத்தை இழக்கத் துணிந்தார்.

ஐயா, அம்மணி, மாணவர் என்னிடமே விட்டுச்சென்றவற்றில் எஞ்சியுள்ள முதலாண்டுத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அவற்றையும் இந்த விவரத்தையும் பிரிக்காமல், ஒரே கட்டாக, பத்திரமாக வைத்திருக்குமாறு தங்களை வேண்டிக்கொள்கிறேன்.