காதல் பாட்டில் அம்மனைக் கேட்ட அண்ணன்

எங்கள் அண்ணன் இல்லாமல் ஓராண்டைக் கடத்திவிட்டோம். அவர் பாடிக் கேட்டவர்கள் நீங்கள் எல்லோரும். ஆனால், அந்தக் குரல் சோதிக்கப்பட்ட நாளை உங்களில் சிலரே அறிவீர்கள். அன்று மேடையில் அவர் பக்கத்தில் தபேலா வாசித்தவன் நான். அதை எழுதாமல் இந்த நினைவு மலர் நிறையாது.

அண்ணன் பிறந்தது சைதாப்பேட்டையில். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமானார். கல்லூரி ஆசையை விட்டுவிட்டு கிண்டி தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலைக்குப் போனார் அண்ணன். அந்த வருமானத்தில்தான் நான் படித்தேன். விடுமுறை நாட்களில் மெல்லிசைக் குழுவில் சினிமாப் பாட்டு பாடுவார். எந்தக் காதல் பாட்டைக் கேட்டாலும் என்னிடம் ஒரே கேள்விதான்: "இதுல 'நீ'ன்னு கூப்பிடறாங்களே, அது யார்றா?" கதாநாயகி என்று சொன்னால் சிரிப்பார்.

பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி வெள்ளி. மயிலாப்பூரில் ஓர் அம்மன் கோயில் வாசலில் எங்கள் கச்சேரி. அண்ணிக்கு நிறைமாதம், கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான குழந்தை. அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அம்மா துணைக்கு இருந்தார். "ஒண்ணும் ஆவாது, போய்ப் பாடிட்டு வாங்க" என்று அண்ணிதான் அனுப்பிவைத்தார். கோயிலுக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்தின் எண்ணை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

பக்திப் பாடல்கள் மட்டும்தான் பாட வேண்டும் என்பது கோயில் கமிட்டித் தலைவரின் உத்தரவு. கூட்டமோ சினிமாப் பாட்டு கேட்டுக் கூச்சலிட்டது. முன்வரிசை இளைஞர்கள் நாற்காலிகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். அப்போது அண்ணன், ஊரே முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு மழைப் பாட்டை எடுத்தார். மழையில் நனைந்தபடி நிற்கும் பெண், குடையோடு வா என்று காதலனை அழைக்கும் பாட்டு. பல்லவி முடிவதற்குள் மைக் செத்துப்போனது. தலைவர் சுவிட்சை அணைத்திருந்தார்.

"அம்மன் சந்நிதியில காதல் பாட்டா? எறங்குய்யா கீழ!"

"நீ பாடு நைனா! அவரு இன்னா சொல்றது?" என்று முன்வரிசை எழுந்தது. ஒரு நாற்காலி மேடைமேல் வந்து விழுந்தது.

அண்ணன் லேத் சத்தத்துக்கு நடுவே பாடிப் பழகியவர். மைக் இல்லாமலே பேசினார்: "ஐயா, மழையும் நம்ம கையில இல்ல, கொடையும் நம்ம கையில இல்ல. வான்னு கூப்பிடறது மட்டும்தான் நம்மளுது. நான் அம்மனத்தான் கூப்டுகினு கீறேன்."

தலைவர் அசையவில்லை. இளைஞர்கள் அவரை நெருங்கினார்கள். அந்த நேரம் பூத்துக்கார அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"உங்க அம்மா போன் பண்ணாங்க! உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு ரத்தம் நிக்கலியாம். ஓ நெகட்டிவ் வேணுமாம், அங்க இல்லியாம்!"

அண்ணன் கைக்கு வந்த மைக்கைப் பிடித்து, "யாராச்சும்..." என்றார். குரல் எழவில்லை. மைக்கிலும் உயிர் இல்லை. தலைவர்தான் சுவிட்சைப் போட்டு, மேடையேறி மைக்கை வாங்கி, ரத்தம் கேட்டு அறிவித்தார். திரும்பத் திரும்ப அறிவித்தார். யாரும் வரவில்லை. அண்ணன் கோபுரத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசியில், கோயில் வாசலில் பூ விற்ற ஒரு பெண்ணும், நாற்காலி வீசிய இளைஞனும் முன்னால் வந்தார்கள். எல்லோரும் ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்து அடையாறுக்குப் பறந்தோம்.

அண்ணி பிழைத்தார். குழந்தை தங்கவில்லை.

அதன் பிறகு அண்ணன் பாடுவதை நிறுத்திவிட்டார். ரேடியோவில் பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். மாதங்கள் ஓடின. ஒருநாள் அண்ணி சமையலறையில் அந்த மழைப் பாட்டை முணுமுணுத்தார்.

"அத்த மட்டும் பாடாத" என்றார் அண்ணன்.

"ஏன்? கூப்பிடறது மட்டும்தான் நம்மளுதுன்னு சொன்னீங்களாமே, தம்பி சொன்னாரு. வராட்டி கூப்பிடக் கூடாதா?"

அண்ணன் நிலைப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். அண்ணி நிறுத்தவில்லை. சரணத்தின் நடுவில் அண்ணனும் சேர்ந்துகொண்டார்.

சென்ற ஆண்டு இதய நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. மூச்சு வாங்கும், பேசவே சிரமம். மருத்துவமனைக்கு எதிர் டீக்கடையில் ஒரு குத்துப்பாட்டு அலறியது. ஜன்னலைச் சாத்தப் போனேன். அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தார். "இதுலயும் அம்மன் கீறாடா. நல்லா கேளு." எவ்வளவு கேட்டும் எனக்கு டோலக் சத்தம்தான் கேட்டது. அவர் முகம் மட்டும் தெளிந்திருந்தது. மறுநாள் காலை எங்களை விட்டுப் போனார்.

கடைசி நாட்களில் உடனிருந்த லேத் நண்பர்களுக்கும், குழுவினருக்கும், மருத்துவர்கள், செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. கமிட்டித் தலைவர், அண்ணன் சொன்னதை இன்றுவரை ஏற்கவில்லை. ஆனாலும் இறுதிச் சடங்கு முடியும்வரை வெயிலில் நின்றார். அவருக்கும் நன்றி. அன்று ரத்தம் கொடுத்த இருவரும் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள். அண்ணன் எவ்வளவோ தேடினார். இதைப் படிக்கும் யாருக்காவது அவர்களைத் தெரிந்தால், அண்ணி ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.