பீரோ சாவியும் மொழிபெயர்ப்பாளரும்

போன வாரம் சிதம்பரம் கீழவீதியில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தன் கைபேசியிடம் ஏதோ முணுமுணுத்தார். அது டீ மாஸ்டரிடம் கணீரென்று, "இதில் சர்க்கரை மிக அதிகம்" என்றது.

"சக்கர ஜாஸ்தின்னா மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று மாஸ்டர் வேறு டீ போட்டார்.

நானாக இருந்தால், "உங்கள் டீ அமிர்தம் என்கிறார்" என்று சொல்லியிருப்பேன். அவரும் அந்தப் பாகை முழுசாகக் குடித்துத் தொலைத்திருப்பார்.

அந்த மொழிபெயர்ப்புத் தொழிலில் எனக்கு ஒரு வருட அனுபவம் உண்டு. சுனாமிக்கு அடுத்த வருடம் அது. கடலூர் முதுநகரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியர். சம்பளம் வாங்காமல் பாடம் நடத்த ஸ்காட்லாந்திலிருந்து ஃபியோனா என்ற பெண் வந்து சேர்ந்தார். பிள்ளைகளுக்குப் பியோனா மிஸ். ஆங்கில வாத்தியார் என்ற ஒரே குற்றத்துக்காக நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன் ஆனேன். அவர் பேசும் ஆங்கிலத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது. புரியாத பாதியையும் சேர்த்தே மொழிபெயர்த்தேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் ஃபியோனா குடியிருந்தார். காலையில் டவுன் பஸ்ஸில் தொங்கி வருவார். வீட்டுக்கார அம்மாவுக்கு அவரைப் பற்றி ஒரே கவலை.

"முப்பது வயசு ஆவுதே, இன்னும் ஏன் கல்யாணம் ஆவலன்னு கேளுங்க சார்."

நான் ஃபியோனாவிடம், "நம்மூர் வெயில் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள்" என்றேன். ரொம்பக் கஷ்டம்தான், பழகிக்கொள்கிறேன் என்றார்.

"வீட்ல பாத்துக்கிட்டு இருக்காங்களாம்" என்றேன் வீட்டுக்கார அம்மாவிடம்.

"பாவம்" என்று அந்த அம்மா ஒரு தட்டு முறுக்கு கொடுத்தார். யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்?

மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கடைத் திறப்பு என்று ஊரே அவரை மேடையில் உட்காரவைக்க இரவல் வாங்கியது. அவர் அறையில் பொன்னாடை குவிந்தது; பள்ளியில் பாடம் பாதியில் நின்றது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தன் ஊர்க்காரர்களிடம் கெஞ்சிச் சேகரித்துக் கொண்டுவந்த கதைப் புத்தகங்கள் தலைமையாசிரியர் அறையில் இரும்பு பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. அவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் போய்க் கேட்பார், நடுவில் நான்.

"பசங்க கிழிச்சிருவாங்க சார். ஆடிட்டுக்கு ஆளு வந்தா நான்தான் பதில் சொல்லணும். முடியாதுன்னு சொல்லிடுங்க" என்பார் தலைமையாசிரியர்.

"அடுத்த வாரம் கட்டாயம் திறப்பாராம்" என்பேன் நான். ஒரு கல்வியாண்டு முழுக்க அடுத்த வாரம் வந்துகொண்டே இருந்தது.

பிரிவுபசார விழா. மேடையில் பள்ளிச் செயலாளர், தலைமையாசிரியர், சந்தன மாலையுடன் ஃபியோனா, மைக்கோடு நான். அன்று அவர் நிறுத்தி நிதானமாகப் பேசினார். முதன்முறையாக ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. ஒரு வருடமாக ஒன்றைத்தான் கேட்டேன், புத்தகங்கள் அந்த பீரோவில் இருக்கின்றன, ஒரு குழந்தைகூடத் தொடவில்லை, எனக்கு வெட்கமாக இருக்கிறது, தயவுசெய்து திறந்துவிடுங்கள்.

நான் தொண்டையைக் கனைத்தேன். "இந்த ஒரு வருடமாக நான் கண்டது ஒன்றுதான், அது உங்கள் அன்பு. புத்தகங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. மனநிறைவோடு விடைபெறுகிறேன்."

தலைமையாசிரியர் முதல் ஆளாகக் கை தட்டினார். கைதட்டல் ஓய்ந்ததும் ஏழாம் வகுப்பு வரிசையில் சுகந்தி எழுந்தாள். குப்பத்திலிருந்து வரும் பெண், அப்பா கட்டுமரக்காரர்.

"சார், மிஸ் அப்படிச் சொல்லல சார். வெக்கமா இருக்குன்னாங்க. பீரோவத் தொறக்கச் சொன்னாங்க."

செயலாளர் முன்னால் குனிந்தார். "ஏம்மா, ஒனக்கு இங்கிலீசு புரியுமா?"

"மிஸ் பேசுனா புரியும் சார். எங்க சார் பேசுனாத்தான் புரியாது."

எட்டு வருடம் ஆங்கிலம் நடத்தியதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அது.

செயலாளர் தலைமையாசிரியரிடம் கையை நீட்டினார். சாவி தலைமையாசிரியர் அரைஞாணிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வேட்டி மடிப்பைத் தளர்த்தி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பீரோ திறந்ததும் ரசகற்பூர வாசனை மேடை வரைக்கும் வந்தது. பிள்ளைகள் பாய்ந்த பாய்ச்சலில் இரண்டு புத்தகங்கள் அங்கேயே கிழிந்தன. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். சொன்னேன்ல, என்று அதற்கு அர்த்தம்.

"அந்தப் பெண் என்ன சொன்னாள்?" என்று ஃபியோனா என் காதில் கேட்டார். முதன்முறையாக ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன், அந்த இரண்டாவது பதிலையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால், அந்த அடுத்த வாரங்கள் எல்லாம்?" என்று மட்டும் கேட்டார். நான் மைக்கைக் கீழே வைத்தேன்.

இன்று அந்தப் பள்ளி இல்லை. பிள்ளைகள் குறைந்து மூடிவிட்டார்கள். பீரோ எந்தக் காயலான் கடைக்குப் போனதோ. நடுவில் நின்று குழைகிற என் உத்தியோகமும் போய்விட்டது.

டீக்கடை வெள்ளைக்காரர் இரண்டாவது டீயை ஒரு வாய் குடித்தார். கைபேசி, "இப்போது சரியாக இருக்கிறது" என்றது.

என் காலத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லும் வாய்ப்பு ஃபியோனாவுக்கு, பீரோ திறந்த பிறகு, ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் கிடைத்தது.