தொட்டியில் விரால்

எருத்தேன்பதிப் பக்கத்தில் ஓர் ஆலை, தன் கழிவுநீரை ஏரியில் விட அனுமதி கேட்டிருந்தது. சோதிக்க வந்த மீன் விஞ்ஞானி அம்மாவுக்கு நான் உதவியாளர். நரைத்த கிராப்பு, முழங்கால்வரை மடித்த பேன்ட், கையில் எப்போதும் உயிர்மீன் வாளி. அவ்வளவுதான் அவர்.

சுத்திகரித்த நீர் என்று மேலாளர் ஒரு தொட்டியைக் காட்டினார். உள்ளே விரால்கள்.

"எப்படித் துள்ளி விளையாடுது பாருங்க மேடம்! சுத்தம்னு எழுதிடுங்க."

"விளையாடலீங்க, மூச்சு வாங்க மேல வருதுங்க. சாக்கடைல விட்டாலும் விரால் வெளிக்காத்தைக் குடிச்சுப் பொழைச்சுக்குமுங்க. கெண்டைக்கு அது முடியாதுங்க" என்றபடி, கெண்டை இருந்த வாளியைத் தொட்டிமேல் சாய்த்தார்.

"ஐயோ, விடாதீங்க, செத்துரும்!" என்று கத்தினார் மேலாளர்.

வாளி நிமிர்ந்தது. "அதையே எழுதிடறேனுங்க."

கெண்டையை ஏரியில் விட்டுத் திரும்பினோம். மேலாளர் கத்தியிருக்காவிட்டால் அவர் கொட்டியிருப்பாரா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.