ஆறு துண்டு ஆட்டுத்தோல்

எங்கள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. ஆறு பேர் வந்திருந்தார்கள். அப்பா இன்னா பண்றாரு, கல்யாணம் எப்போ என்று கேட்டு மார்க் போடுகிற நேர்காணல் எனக்கு ஆகவே ஆகாது. ஒரு காலத்தில் என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். அதனால் தேர்வுக் குழுவில் சண்டை போட்டு, தையல் போட்டுக் காட்டும் தேர்வு ஒன்றை வைத்தேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆட்டுத்தோல் வாங்கிவந்து ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். இதைவிட நியாயம் ஏது என்று ஏகப்பட்ட பெருமை எனக்கு.

நாங்கள் மார்க் போட்டு முடித்ததும் வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த பெண் எழுந்தாள்.

"மேடம், எனக்கு முதுகுத்தோல் குடுத்திருக்கீங்க, கெட்டியா நிக்குது. பக்கத்துல இருக்கறவருக்கு வயித்துத்தோல். அது இழுத்த பக்கமெல்லாம் போவும். யார் தைச்சாலும் சுருங்கும்."

"நம்மையே கேள்வி கேக்கறா பாருங்க" என்று குழுவிலிருந்த பெரிய டாக்டர் முணுமுணுத்தார். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் ஜாஸ்தி. தோல் தொழில் ஊரான ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவள் நான், இதுகூடத் தெரியாதா? மார்க் தாளைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் முதுகுத்தோலில் மட்டும் ஆறு துண்டு வெட்டி, பெயருக்குப் பதில் நம்பர் ஒட்டி, எல்லோரையும் மறுபடி தைக்கச் சொன்னேன்.

அவளே முதல் மார்க் வாங்கினாள்.

"நேத்தும் நீதாம்மா முதல்" என்றேன்.

"அது தோலுக்குக் கிடைச்ச மார்க்கு மேடம். இதுதான் எனக்குக் கிடைச்சது" என்றாள்.